ஐந்து பட்டைகளில் ஒன்று

1

இந்தக் கதை எனக்கு வழியில் கிடைத்தது. ஒரு பயணத்தில் பேருந்தின் சக்கரம் பஞ்சராகி எல்லோரும் இறங்கி நின்றோம். சாலைக்கு அந்தப் பக்கம், வெட்டவெளியில், புதிதாக ஒரு வீடு. வாசலுக்கு நிலை இருந்தது, கதவு இல்லை. உள்ளே ஒருவன் ஏணியில் நின்றுகொண்டு, கூரையைத் தாங்கும் இரும்பைச் சின்னச் சுத்தியலால் தட்டுவதும் காதை வைத்துக் கேட்பதுமாக இருந்தான். நாலைந்து இடத்தில் தட்டினான். திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

நான் கண்டது அவ்வளவுதான். போய்க் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மிச்சமெல்லாம் என் சொந்தச் சரக்கு. அதனால்தான் பயமாக இருக்கிறது. கண்டதை எழுதினால் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. இதில் கூரை விழுந்தால் அது நான் தள்ளிவிட்ட கூரை.

2

முதல் தொடக்கம்: “உலையில் கனிந்த தீ அந்திவானம் போல…” வேண்டாம். தீயைக் கண்டதும் எழுதுகிறவர்களுக்கு வானம் ஞாபகம் வந்துவிடுகிறது. கொல்லனுக்கு வராது, கரி தீர்ந்துபோவதுதான் ஞாபகம் வரும்.

இரண்டாவது: “தன் கையால் வீடு கட்டுவது என்பது…” இதுவும் வேண்டாம். ‘என்பது’ வந்துவிட்டால் வாக்கியம் மேடையேறி மைக்கைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, சுற்றி வளைக்காமல்: அவன் கொல்லன். நெடுங்காலம் அடுத்தவர் பட்டறையில் சம்மட்டி அடித்தவன். ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் கிடைத்ததும் முதலில் பட்டறை, அப்புறம்தான் வீடு என்று பிடிவாதமாக நின்றான். பட்டறை இருந்தால் வீட்டுக்கு வேண்டிய ஆணி, கீல், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் தானே அடித்துக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. அதுவரை அவனும் மனைவியும் கைக்குழந்தையும் பட்டறையை ஒட்டிய தார்ப்பாய்க் கொட்டகையில். கடையில் ஆணி விற்கிறார்களே, தெரியாதா என்று கூடமாட உதவ வந்த மைத்துனன் கேட்டான். தெரியும், அது வளையும் என்றான் இவன்.*

* (மனைவி இந்தப் பேச்சில் சேரவில்லை. குழந்தைக்கு இருமல். பகலில் உலைப்புகை, மற்ற நேரம் ஈரம். மழை வருவதற்குள் ஓட்டுக் கூரைக்குக் கீழே போய்விட வேண்டும்; அவள் நினைப்பெல்லாம் அதில்தான்.)

3

கூரை விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். நடு உத்திரத்தோடு குறுக்குக் கட்டைகள் சேரும் இடத்தில், ஒவ்வொரு கட்டையையும் ஒரு இரும்புப் பட்டை வளைத்துத் தாங்கும். பட்டை விட்டால் கட்டை இறங்கும், கட்டை இறங்கினால் ஓடு இறங்கும். அப்படி ஐந்து பட்டைகள்.

பட்டையின் இரண்டு நுனியையும் வெள்ளையாகும்வரை காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து அடித்தால் இரண்டும் ஒன்றையொன்று பற்றி ஒரே இரும்பாகிவிடும். இடையில் ஒரு சாம்பல் துணுக்கு மாட்டினாலோ, சூடு கொஞ்சம் இறங்கினாலோ, வெளியே பற்றிய மாதிரி இருக்கும், உள்ளே பற்றியிருக்காது. நான்கு பட்டை தேறியது. ஐந்தாவதைச் சுத்தியல் தொட்டபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் சப்பென்று இருந்தது.

அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. தேறிய வேலைக்குச் சூட்டோடு எண்ணெய் பூசுவான். கறுத்துப்போய் துரு அண்டாமல் இருக்கும். தேறாததற்கு எண்ணெய் காட்டாமல் சுவரோரம் சாத்திவிடுவான், பிறகு வெட்டி வேறு எதற்காவது எடுத்துக்கொள்ளலாம் என்று. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தனியாக வேலை செய்கிறவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

ஐந்தாவதையும் அப்படிச் சாத்திவிட்டு, புதிதாக ஒன்று அடிக்கக் கரி போதாதென்று வாங்கிவரப் போனான்.

திரும்பி வந்தபோது மனைவியும் மைத்துனனும் வாசலிலேயே சிரித்தபடி நின்றார்கள். ஒரு பட்டை மட்டும் எண்ணெய் பார்க்காமல் கிடந்ததாம். பாவம், மறந்துவிட்டாரே என்று அவள் அதை உலைச் சூட்டில் காட்டி எண்ணெய் பூசியிருக்கிறாள். மற்றவை மங்கலாகத் தெரியக்கூடாதென்று ஐந்துக்குமே இன்னொரு பூச்சு. மைத்துனன் அத்தனையையும் கைக்கு வந்த வரிசையில் மேலே ஏற்றி முடுக்கியும் விட்டான். ஐந்தும் கன்னங்கரேலென்று ஒரே அச்சு.

கரி மூட்டையை இறக்கி வைத்து மேலே பார்த்தான், எது அந்தத் தேறாத பட்டை என்று அவனுக்கே தெரியவில்லை. வாயோ வேறு எதையோ சொன்னது.

“நல்லா இருக்கு.”

4

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்து இரண்டு வாரம் எழுதாமல் இருந்தேன். இவன் ஏன் அப்போதே சொல்லவில்லை? முதல் வரைவில் கௌரவம் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். கடையில் விற்கும் ஆணியைக் கேலி செய்தவன் சொந்தப் பட்டையில் மாட்டிக்கொண்டான் என்று மைத்துனன் சிரிப்பானே என்று கொஞ்சம் இருந்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவன் அவளுடைய கையைப் பார்த்தான். எண்ணெய் படிந்து, ஒரு விரலில் சுட்ட கொப்புளத்தோடு. அந்தக் கையிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

நாளைக்கு ஓடு வந்து இறங்கியது. மைத்துனன் சிநேகிதர்களைக் கூட்டிவந்து வேய்ந்தான். இவனும் ஓடு சுமந்தான். ஒவ்வொரு ஓட்டையும் மேலே நீட்டும்போது, நாமே பாரம் ஏற்றுகிறோமே என்று நினைத்துக்கொண்டான், ஆனாலும் அடுத்த ஓட்டை எடுத்துக் கொடுத்தான். இதை எழுதும்போது எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. [இங்கே அவனைத் திட்டி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.]

அப்புறம்தான் ஏணி, சுத்தியல். அவள் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் ஏறித் தட்டுவான். கையில் தூக்கிப் பிடித்துத் தட்டினால் இரும்பு உண்மையைச் சொல்லிவிடும். மரத்தை இறுக்கிப் பிடித்த இரும்பு வாயைத் திறக்காது. ஐந்தும் ஒரே மாதிரி ‘டொக்’.

5

முடிவுகள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றும் பிடிக்கவில்லை.

சொல்லிவிடுகிறான், ஓட்டையெல்லாம் இறக்குகிறார்கள், அதற்குள் மழை பிடித்துக்கொள்கிறது. வீடும் இல்லை, கொட்டகையும் ஒழுகுகிறது, குழந்தையின் இருமல் நெஞ்சுக்குள் இறங்கி… இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

முட்டுக் கொடுக்கிறான். நல்ல யோசனைதான். ஆனால் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு மரம். எந்தக் கட்டைக்குக் கொடுப்பான்?

ஒன்றும் ஆவதில்லை. பாதி பற்றிய பட்டை பல காலம் தாங்கலாமாம். ஒரு கொல்லரிடம் விசாரித்தேன். “தாங்கும் சார். தாங்காமலும் போகும்” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்கு மின்விசிறிக்குக் கீழே உட்கார முடியவில்லை.

6

ஆகவே, எழுத முடிந்ததுவரை எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் மழை ஆரம்பித்தது. பட்டறைக்கும் கொட்டகைக்கும் சேர்த்துப் போட்டிருந்த தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு, விரித்திருந்த பாய் நனைந்தது. குழந்தை இருமி இருமி முகம் சிவந்துபோனது. அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, நனையாத பாய் ஒன்றைச் சுருட்டிக் கையில் எடுத்து, நேராக வீட்டுக்கு நடந்தாள். அவன் ஓடிப்போய் வாசலை மறித்து நின்றான்.

“இன்னிக்கு வேணாம்” என்றான்.

“நீங்க தெனம் ஏறித் தட்டுறது எனக்குத் தெரியும். நீங்களே சொல்லுவீங்கன்னுதான் பாத்துட்டு இருந்தேன்.”

சொன்னான். சாம்பல் துணுக்கு, சப்பென்ற சத்தம், எண்ணெய் வழக்கம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். அவள் பாதியிலேயே புரிந்துகொண்டு தன் விரலைப் பார்த்தாள்.

“அப்ப பூசுனது நான்தான்.”

“சொல்லாதது நான்.”

அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. சண்டை போடுவாள் என்று ஒரு பக்கம் முழுக்க வசனம்கூட எழுதி வைத்திருந்தேன். அதுவும் வீணாகப் போனது. அவனைத் தாண்டி உள்ளே போனாள். ஓட்டின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. அத்தனை நல்ல வீடு.

“ஒண்ணுதானே தப்பு?”

“ஒண்ணுதான்.”

“நாலு நல்லது.”

“ஆமா.”

அவள் குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை, கிண்டல் இல்லை. பானையை எங்கே வைக்கட்டும் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

“குழந்தைய எதுக்குக் கீழ படுக்க வைக்கணும், காட்டுங்க.”

அவன் அண்ணாந்து பார்த்தான். ஐந்தையும் அடித்தவன் அவன்தான். கை பாதி எழுந்து, நின்று, தானாக இறங்கிவிட்டது. அவள் அவசரப்படுத்தவில்லை. சுருட்டிய பாயோடு அவன் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். குழந்தை இருமுகிறது. வெளியே மழை வலுக்கிறது. திரும்பிப் போகக் கொட்டகை இல்லை.

நானும் பார்த்துவிட்டேன். பல நாளாகப் பார்க்கிறேன். காட்டச் சொன்னால் எனக்கும் கை எழவில்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன்: வாசல் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எது?

சும்மா கதைதானே என்று எதையாவது காட்டிவிடாதீர்கள். அவள் பாயை அங்கேதான் விரிப்பாள்.