கமருக்கு வந்த வாக்மேன்

தங்கப்பன் கொண்டுவந்து கொடுத்த வாக்மேன் கமர் நிஷாவின் கையில் முழுசாக மூன்று நாள்கூடத் தங்கவில்லை.

தங்கப்பன் பக்கத்து ஊரான பூவத்துக்காரர். குவைத்தில் அவள் புருஷன் பீர் மைதீன் இருக்கும் அதே கம்பெனியில் லாரி ஓட்டுகிறவர். ஒரு மாத லீவில் ஊருக்கு வந்த மறுநாளே சைக்கிளை மிதித்துக் காரைக்காலுக்கு வந்து, வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்து, மாமனார் ஜெய்னுலாபுதீனிடம் பெட்டியைக் கொடுத்தார். இது தங்கச்சிக்கு, அவங்க கையிலேயே சேர்க்கச் சொன்னார் என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் டீயைத் தொட்டார். மாமனாரும் இரண்டு தடவை தலையாட்டினார். தலையாட்டுவதில் அவருக்கு என்றுமே குறைவில்லை.

உள்ளங்கை அளவு நீலப் பெட்டி. தலையில் மாட்டிக்கொள்ள ஒரு கம்பி, அதன் இரண்டு முனையிலும் காதுக்குப் பஞ்சு. பக்கவாட்டில் ஒரு சிவப்பு பட்டன். அதை அமுக்கிப் பேசினால் பேசுவது கேசட்டில் ஏறும். கமர் நிஷா அந்தப் பட்டனைப் பார்த்ததுமே, இதை எதற்காக மனுஷர் தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறார் என்று புரிந்துகொண்டாள். 

அவளுக்குப் புருஷனிடம் தனியாகச் சொல்ல ஒரே ஒரு சேதி இருந்தது. திரும்பி வந்துவிடுங்கள் என்பதுதான் அது. கல்யாணமாகி நாற்பதாம் நாள் விமானம் ஏறியவர். மூன்று வருஷ ஒப்பந்தம் இப்போது முடியப்போகிறது. வீட்டிலோ, நாத்தனார் ஆசியா பீவிக்கு நல்ல இடம் அமைகிறவரை இன்னும் இரண்டு வருஷம் இருக்கட்டும் என்று ஏகமனதாகத் தீர்மானமாகிவிட்டது. அந்த ஏகமனதில் கமர் நிஷாவின் மனதையும் கேட்காமலே சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடிதம் எழுதலாமே என்று யாராவது சொல்லலாம். சொல்கிறவர்கள் ஜெய்னுலாபுதீனை அறியாதவர்கள். பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரி ஆபீசில், அதாவது நகராட்சியில், குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். வீட்டிலிருந்து போகும் எந்தக் கடிதத்தையும் சிவப்புப் பென்சிலால் பிழை திருத்தாமல் ஒட்டமாட்டார். மருமகள் எழுதிய நாலு வரியில் மூன்று இடத்தில் சந்திப்பிழை என்று மாமியாரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுவார். அதற்குப் பிறகு புருஷனுக்கு என்னத்தை எழுதுவது?

கேசட்டிலும் அதே கதைதான். எதிர்வீட்டு டேப் ரெக்கார்டர் செட்டை இரவல் வாங்கி நடுக்கூடத்தில் வைத்து, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து முறை போட்டுப் பேசுவார்கள். அவள் முறை கடைசி. "நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா?" இதைத்தான் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் ஏதாவது சொல்லேன் என்று மாமியார் தூண்டுவார். தூண்டிவிட்டு, என்ன சொல்லப் போகிறாள் என்று வாயையே பார்ப்பார்.

ஆக, வாக்மேன் வந்துவிட்டது. தங்கப்பன் திரும்பிப் போக ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் நிதானமாக யோசித்து, கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்து பேசிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அந்த நிதானத்தை நினைத்துத்தான் பிறகு தன்னையே நொந்துகொண்டாள்.

வாக்மேனோடு ஒரு கேசட்டும் வந்திருந்தது. பீர் மைதீன் எப்போதும்போல ஒவ்வொருவர் பேராகச் சொல்லி ஸலாம் சொல்லியிருந்தார். அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கேசட்டில் யார் பேருக்கு ஸலாம் வந்தாலும், எதிரில் ஆளே நிற்பதுபோல அவர் வாய்விட்டுப் பதில் ஸலாம் சொல்லிவிட வேண்டும். பதில் சொல்லாமல் விட்டால் அது பாக்கியாக நிற்கும் என்பது மாமியார் அமீர் நிஷாவின் கட்சி. செட்டில் கேட்டால் இது சுலபம். வாக்மேனில் ஒரு நேரத்துக்கு ஒரு ஆள்தானே கேட்க முடியும்? கம்பியை மாமனார் மாட்டிக்கொண்டு, சும்மா இருந்த கூடத்தில் திடீரென்று "வ அலைக்குமுஸ்ஸலாம்" என்று கத்தினார். காதில் பஞ்சு இருந்தால் தன் குரல் தனக்கே கேட்காதல்லவா, அதனால் தெருக்கோடிவரை கேட்டது. பிறகு மாமியார், பிறகு ஆசியா, பிறகு சலவைக்காரம்மா, பக்கத்து வீட்டு இரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் கேசட்டை முன்னும் பின்னும் ஓட்டி, அவரவர் பேரைத் தேடிப் பிடித்து முடிப்பதற்குள் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கே அதன் விதி முடிவாகிவிட்டது. அடுத்த நாள் கமர் நிஷா கம்பியை மாட்டிக்கொண்டு புருஷன் குரலைக் கேட்டபடி அரிசி புடைத்தாள். மாமியார் மூன்று தடவை கூப்பிட்டது காதில் விழவில்லை. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாத மருமகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று அவர் ஆரம்பித்தார். வீட்டில் நாலு பேர் இருக்க ஒரு ஆள் கேட்கிற சாமானை வாங்கி அனுப்பியிருக்கிறானே, பையனுக்கு விவரம் போதவில்லை என்று மாமனார் முடித்தார். மூன்றாம் நாள் காலை வாசலில் ரிக்ஷா நின்றது. வாக்மேனைக் கொடுத்துவிட்டு வேறு செட் மாற்றப் போகிறோம், நீயும் வா, உன் சாமான்தானே என்று அவளைக் கூப்பிட்டார்கள். உன் சாமான்தானே என்ற அந்த வார்த்தைதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

பாரதியார் வீதியில் முகம்மது இப்ராஹிம் வைத்திருந்த ஃபாரின் சாமான் கடையில் இரண்டரை மணி நேரம் செட் தேர்ந்தெடுத்தார்கள். மாமனாருக்கு சிலோனும் லண்டனும் கொரகொரப்பில்லாமல் எடுக்கவேண்டும். மூன்று பேண்ட் ரேடியோ இருந்தால்தான் செட் என்பார். மாமியாருக்கு இடது காது மந்தம். அடுப்படியில் இருந்து கேட்டால் கூடத்துச் சத்தம் அப்படியே வந்து விழவேண்டும். ஆசியாவுக்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், நடுவில் பாட்டுக்கு ஏற்ப ஏறி இறங்கும் விளக்கு. இப்ராஹிம் ஒவ்வொன்றாக இறக்கிவைத்தார். விளக்கு இருந்தால் ரேடியோ சரியில்லை. ரேடியோ நன்றாக இருந்தால் சத்தம் போதவில்லை. மாமியார் கடை வாசலைத் தாண்டி ரோட்டில் போய் நின்று, கேட்கவில்லை, கேட்கவில்லை என்று கையாட்டுவார். பஸ்ஸுக்கு நின்ற ஜனங்கள் அவரையும் கடையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

கமர் நிஷாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அவளே வாயைத் திறந்து, அந்தக் காதுக் கம்பியையாவது கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாமே, புது செட்டிலும் அதைச் சொருகத் துளை இருக்கிறதே என்றாள். இப்ராஹிம் சங்கடமாகச் சிரித்தார். கம்பி இல்லாத வாக்மேனை யார் வாங்குவார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவளுக்கு நியாயத்தின் மேலேயே எரிச்சல் வந்தது.

வீட்டுக்கு வந்தது ஒரு கைப்பெட்டி நீளத்துக்கு வெள்ளிக் கலரில் ஒரு டூ-இன்-ஒன். இருபத்துச் சொச்சம் பட்டன். அதோடு ஆறு பெரிய பேட்டரி, கேசட் நாடா உரசும் தலையைத் துடைக்க ஒரு குப்பி மருந்து, மூடிவைக்க ரெக்சின் உறை. ரிக்ஷாவில் செட்டுக்கு இடம் விட்டுக் கமர் நிஷா ஓரத்தில் ஒண்டிக்கொண்டு வந்தாள். மாற்றிய விஷயத்தை மகனுக்கு எழுதவேண்டும் என்று மாமனார் சொன்னார். எழுதவில்லை. வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து தபாலில் அடுத்த கேசட் வந்தது. மறுநாள் மாலை தங்கப்பன் பம்பாய்க்கு ரயிலேற வேண்டும். கேட்டுவிட்டு உடனே பதில் பேசித் தயாராக வைத்துவிடுவோம், அவர் போகிற வழியில் வாங்கிக்கொள்வார் என்று மாமனார் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்ததும் செட்டைக் கூடத்து நடுவில் வைத்தார். ஜன்னலைத் திறந்துவைத்தார். பக்கத்து வீட்டாரும் வந்துவிட்டார்கள். அரைமணி நேரம் ஸலாமும் பதில் ஸலாமுமாக நடந்தது. பீர் மைதீன் வஸ்ஸலாம் சொல்லி முடித்ததும் எல்லாரும் எழுந்தார்கள். மாமியார் டீ போடப் போனார்.

எதிர்வீட்டுப் பழைய செட்டாக இருந்தால் அந்த இடத்தில் டக்கென்று நின்றிருக்கும். இது ஒரு பக்கம் முடிந்தால் தானாகவே மறுபக்கத்தைப் பாடுகிற ரகம். வீட்டில் யாருக்கும் அது நினைவில்லை. உள்ளே ஏதோ புரண்டது. பிறகு இரண்டு ஸ்பீக்கரிலும் பீர் மைதீன் பேசினார்.

"கமரு, காதுல மாட்டிக்கிட்டியா? இந்தப் பக்கம் ஒனக்கு மட்டுந்தான். யாரும் கேக்க முடியாதுன்னுதான் இந்த மெஷினைத் தேடி வாங்குனேன்."

 மாமனார் பாய்ந்துபோய் ஒரு பட்டனை அமுக்கினார். விளக்குதான் எரிந்தது. இன்னொன்றைத் திருகினார். சத்தம் இன்னும் கூடியது.

"நல்லா இருக்கேன்னு நீ சொல்றது எனக்கு நம்பிக்கையா இல்லை. நானும் இங்கே நல்லா இல்லை. முதுகு வலி. வாப்பாகிட்ட சொல்லலை. மாசக் கடைசிக்குள்ளே கம்பெனிக்குக் கையெழுத்துப் போடணும். இருக்கவா, வந்துடவா? வாப்பா என்ன சொல்வாங்கன்னு தெரியும். நீ சொல்லு. செவப்பு பட்டனை அமுக்கிச் சொல்லி, தங்கப்பண்ணன்கிட்ட கொடு. நீ சொல்றதுதான்."

அதற்குள் ஆசியா ஓடிவந்து சரியான பட்டனை அமுக்கிவிட்டாள். பக்கத்து வீட்டார் அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம் வந்து கலைந்தார்கள். கமர் நிஷாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. அவமானமா கோபமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கே நேரமில்லை. மூன்று வருஷமாகக் காத்திருந்த பேச்சு, அவள் காதுக்குள் விழவேண்டியது, ஊர் முழுக்கக் கேட்டாகிவிட்டது.

மாமனார் செட்டின் மேல் ரெக்சின் உறையை மாட்டினார். முதுகு வலியெல்லாம் எல்லாருக்கும் வருவதுதான் என்றார். அதை அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

மறுநாள் பகலில் பதில் கேசட்டுக்கு உட்கார்ந்தார்கள். எதுவும் நடக்காததுபோல முறைப்படியே ஆரம்பித்தது. மாமனார், இரண்டு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு இரு தம்பி, முதுகுக்குத் தைலம் அனுப்புகிறேன் என்றார். மாமியார் ஏதோ சொல்ல வந்து, உடம்பைப் பார்த்துக்கொள் வாப்பா என்பதோடு நிறுத்திவிட்டார். ஆசியா வெறும் ஸலாம் மட்டும் சொன்னாள். கமர் நிஷா பக்கம் செட்டைத் திருப்பிவைத்து, நல்லா இருக்கேன்னு சொல்லும்மா, போதும் என்றார் மாமனார்.

அவள் செட்டுக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.  

"வந்துடுங்க. ரெண்டு வருஷம் வேணாம். எனக்கு நீங்க இங்கே வேணும். வாங்க."

மாமனார் ரெக்கார்டை நிறுத்தினார். மருமகளைத் திட்டவில்லை. கடிதத்தில் பிழை பார்த்த முகம்தான். கடைசியில் கொஞ்சம் சரியாக வரவில்லை, அதை மட்டும் அழித்துவிட்டுத் திரும்பப் பேசிக்கொள்வோம் என்றார். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. தங்கப்பன் வந்துவிட்டார். உட்காரச் சொல்ல மாமனார் எழுந்து போனார்.

கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கட்டை இருக்கும். அது இருக்கும்வரைதான் அதில் புதிதாகப் பேச்சை ஏற்ற முடியும். கடையில் விற்கும் பாட்டுக் கேசட்டில் அது இருக்காது. கமர் நிஷா கேசட்டை வெளியே எடுத்தாள். கொண்டை ஊசியை உருவி இரண்டு கட்டையையும் நெம்பி உடைத்தாள். திரும்ப உள்ளே போட்டு மூடினாள். நிமிர்ந்தபோது அடுப்படி வாசலில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. உடைந்த துண்டுகள் கமர் நிஷாவின் மடியில் கிடந்தன. மாமியார் அவற்றைப் பார்த்தார். 

மாமனார் திரும்பி வந்து உட்கார்ந்து, பின்னால் ஓட்டி, இடம் பார்த்து நிறுத்தி, சிவப்பு பட்டனை அமுக்கினார். அது இறங்கவில்லை. விரலை மாற்றி அமுக்கினார். இரண்டு கட்டை விரலாலும் அமுக்கினார். இப்போதுவரை நன்றாகத்தானே இருந்தது, இப்ராஹிம் ஏமாற்றிவிட்டானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு செட்டைத் தட்டினார். வாசலில் தங்கப்பன், ரயிலுக்கு நேரமாச்சு பாய் என்றார்.

"இன்னும் எவ்வளவு நேரம் அதைப் போட்டு அமுக்குவீங்க?" என்றார் அமீர் நிஷா. "செட்டு கெட்டுப்போவும். உள்ளதை எடுத்துக் கொடுத்து அனுப்புங்க. அவன் கேட்டது அவளைத்தானே."

ஜெய்னுலாபுதீன் இன்னும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, மூடியைத் திறந்தார்.