பெகு வண்டிக்கு ஒரு படிக்கம்

ரங்கூன் ரயில் பெட்டிப் பட்டறையில் படம் வரைகிற வேலை பார்த்த லூர்துவுக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலாம் வருஷம், மழை விட்ட கையோடு ஓர் உத்தரவு வந்தது. இரண்டாம் வகுப்புப் பெட்டிகளுக்கு எச்சில் துப்பும் படிக்கம் வரைந்து கொடுக்க வேண்டும்.

காரணம் இதுதான். பர்மாக்காரரோ தமிழரோ வங்காளியோ, யார் ரயிலேறினாலும் வாயில் வெற்றிலையோடுதான் ஏறினார்கள். இறங்கும்போது அந்த வெற்றிலை பெட்டியின் தரையிலும் சுவரிலும் ஜன்னலுக்குக் கீழேயும் தங்கிவிடும். புதிதாக வந்திருந்த பெரிய துரை ஒருநாள் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். உள்ளங்கை சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டு, காயம் பட்டுவிட்டதென்று டாக்டருக்கு ஆள் அனுப்பினார். டாக்டர் வந்து கையை முகர்ந்து பார்த்து, புகையிலையும் சுண்ணாம்பும் வாசம் அடிக்கிறது என்றார். மறுநாளே உத்தரவு பிறந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் லூர்துவின் மனைவி ஜூடித் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"மிஷன் பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கினது, பட்டறையில அத்தன வருஷம் கோடு போட்டுப் பழகினது, எல்லாம் எச்சிச் சட்டி வரையறதுக்குத்தானாங்க?"

"சட்டியே இருக்காது ஜூடித். நீ பாரேன்" என்றான் லூர்து.

அவன் மனசில் ஒரு யோசனை உதித்திருந்தது. தரையில் ஒரு புனல். அதன் அடியில் தண்டவாளம் வரைக்கும் ஒரு குழாய். குழாயின் வாயை வண்டி போகும் திசைக்கு எதிராக வளைத்துவிட்டால், ஓடுகிற வேகத்தில் காற்றே எல்லாவற்றையும் கீழே இழுத்துக்கொள்ளும். துப்பினால் போச்சு, தடயமே இருக்காது. இரண்டு வாரம் வரைந்தான். ஃபிட்டர் பழனியப்பன் அதை அப்படியே செய்து பெட்டியில் பொருத்தினான்.

பெகு ஊர் வரை போய்த் திரும்பி வந்து சோதித்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. வெற்றிலை போடுகிறவர்கள் பத்துப் பேர் வேண்டும், வெற்றிலை இலவசம் என்று சொன்னதும் பட்டறையில் பாதிப் பேர் வரிசையில் வந்து நின்றார்கள். வெற்றிலையையே தொடாத ஸ்டோர் குமாஸ்தாகூட நின்றார். பழனியப்பனுக்குப் போட்டியில்லாமல் இடம் கிடைத்தது. பத்தடி தூரத்தில் ஓடுகிற கரப்பான்பூச்சியைக் குறி தவறாமல் அடிக்கிற வாய் அவனுடையது.

அன்று காலையில் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவள் அம்சவேணி. வண்டி கழுவும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. பெட்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"ஐயா, இந்தக் குழாயோட வாய் எந்தப் பக்கம் பாக்குது?"

"போற திசைக்கு எதிர்ப்பக்கம். காத்து உள்ள ஏறாது, வெளியதான் இழுக்கும்."

"போகையில சரிங்க. வர்றப்ப?"

துரை வரக் கால் மணி நேரம்தான் இருந்தது. லூர்து கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டான். "வரும்போதும் இதே பெட்டிதான் அம்சவேணி" என்றான், ஏதோ பெரிய பதிலைச் சொல்லிவிட்டவன் போல.

"ஆமாங்க, இதே பெட்டிதான்" என்று சொல்லிவிட்டு அவள் வாளியோடு ஏறி வாசலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

போகிற வழியெல்லாம் லூர்துவுக்குத் திருவிழாதான். பத்து வாய்களும் மாறி மாறித் துப்பின. புனல் ஒவ்வொன்றையும் சத்தமில்லாமல் விழுங்கியது. துரை தன் டப்பாவைத் திறந்து லூர்துவுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். பெகு பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டே, இஞ்சினைக் கழற்றிக்கொண்டுபோய் வண்டியின் மறுமுனையில் மாட்டுவதை லூர்து தன் கண்ணாலேயே பார்த்தான். பார்த்தும், இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டிருக்கலாம் என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

திரும்பும்போது வண்டி நல்ல வேகம் பிடித்தது. இந்த அதிசயத்தைக் கிட்டத்தில் பார்க்க துரைக்கு ஆசை. மண்டியிட்டுப் புனலுக்குள் எட்டிப் பார்த்தபடியே, துப்பு என்று பழனியப்பனுக்குக் கை காட்டினார். அவனும் துரையின் காதோரமாக, குறி கொஞ்சமும் பிசகாமல், நடுப் புனலில் துப்பினான்.

புஸ்ஸென்று ஒரு சத்தம்.

துரை மெல்ல எழுந்து நின்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். செக்கச் சிவந்த முகத்தில் வெள்ளையாக இரண்டு வட்டங்கள் மட்டும் தெரிந்தன. வாசலோரத்திலிருந்து ஒரே ஒரு சிரிப்பு கிளம்பி, முந்தானைக்குள் அமுங்கிப்போனது.

துரை பழனியப்பனைப் பார்த்தார்.

"நான் சரியாத்தான் துப்பினேன் துரை" என்றான் அவன். சொல்லிக்கொண்டே தோள் துண்டை எடுத்துத் துரையிடம் நீட்டினான்.

குழாய் பொருத்தியதில் கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், லூர்து தப்பித்துவிடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த நீட்டிய துண்டைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல முடியவில்லை.

"தப்பு என்னோடது சார். வண்டி திரும்பினா குழாய் காத்தைப் பாத்து நிக்கும்னு நான் யோசிக்கல. காலையிலயே இந்த அம்மா கேட்டாங்க. நான் காதுல போட்டுக்கல."

துரை வாளித் தண்ணீரில் மூன்று தடவை முகம் கழுவினார். பிறகு அம்சவேணியைச் சற்று நேரம் பார்த்தார். அடுத்ததை இவளிடம் கேட்டுவிட்டு வரை என்று லூர்துவிடம் சொல்லிவிட்டு, போய் வேறு பெட்டியில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் லூர்து யார்டுக்குப் போனான். அம்சவேணி எடுத்த எடுப்பில் ஒரு வெற்றிலைச் சுருளை நீட்டினாள்.

"குன்யா, பர்மா வெத்தல. போடுங்க."

"எனக்குப் பழக்கமில்ல."

"அது தெரியுது. உங்க புனலைப் பாத்தப்பவே தெரிஞ்சுது."

இஞ்சின் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்த, புனல் பொருத்திய அந்தப் பெட்டியில் அவனை ஏற்றி உட்கார வைத்தாள். முதல் தடவை துப்பியது அவனுடைய பூட்ஸின் மேலேயே விழுந்தது. இரண்டாவது அவளுடைய வாளியில். மூன்றாவது புனலின் விளிம்பில் பட்டு அவன் சட்டைக்கே திரும்பி வந்தது. புகையிலை தலைக்கேறவே தரையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். உலகம் சுற்றிக்கொண்டிருந்தாலும், வரைபலகையில் தெரியாத சங்கதிகள் அங்கே தெரிந்தன. ஆடுகிற வண்டியில் துப்புகிறவனுக்குச் சோற்றுத் தட்டு அகலத்துக்கு வாய் வேண்டும். தெறிக்காமல் இருக்க உட்புறம் செங்குத்தாகச் சரிய வேண்டும். உள்ளே போனது தளும்பி வெளியே வராதபடி கழுத்தும் சிறுக்க வேண்டும்.

"குழாயே வேணாம்ங்க. குழாய்க்குள்ள யாரு கையை விட்டுத் தேய்க்கிறது? தூக்கிட்டுப் போய்க் கழுவி வைக்கிற மாதிரி செய்யுங்க" என்றாள் அம்சவேணி.

"பித்தளையில செய்யலாமா?"

"செய்யுங்க. பெகு வர்றதுக்குள்ள பாதி காணாமப் போயிரும். த்வாண்டே ஊர்க் குயவங்ககிட்டச் சொல்லி மண்ணுல செஞ்சா ஒருத்தரும் தொட மாட்டாங்க."

தரையில் ஒரு மரவளையம், அதற்குள் அடங்குகிற மாதிரி ஒரு மண்கலம். இதை வரைய லூர்துவுக்கு ஒரே ஒரு நாள்தான் ஆயிற்று. படத்தின் மூலையில் தன் பெயரை இங்கிலீஷிலும், அதற்குக் கீழே அம்சவேணி என்று தமிழிலும் எழுதினான். இந்த முறை சோதனைக்கு வந்த துரை பெட்டியின் மறுகோடியில் நின்றே பார்த்தார். போகும்போதும் சரியாக இருந்தது, வரும்போதும் சரியாக இருந்தது. கையெழுத்துப் போடும்போது, கீழே இருந்த புரியாத எழுத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். பெயர் என்றான் லூர்து. துரை தலையை ஆட்டிவிட்டு, அது மறையாதபடி தள்ளிக் கையெழுத்திட்டார்.

இருநூறு கலங்கள் த்வாண்டேயிலிருந்து படகில் ரங்கூனின் போட்டாதாங் துறைக்கு வந்து இறங்கின. அம்சவேணி வைக்கோலை விலக்கி, ஒவ்வொன்றாக எடுத்து விரல் முட்டியால் தட்டி, விரிசல் இருக்கிறதா என்று காதருகே வைத்துக் கேட்டாள். பதினொன்றை ஒதுக்கினாள்.

"எச்சில் துப்பத்தானே, கல்யாணத்துக்கா?" என்று படகுக்காரர் பர்மியில் குதித்தார்.

"கழுவறதுக்கு நீ வர்றியா? வந்தா எல்லாத்தையும் எடுத்துக்கறேன்" என்று அவளும் பர்மியிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

லூர்து தானும் உதவலாம் என்று ஒரு கலத்தை எடுத்துத் தட்டினான். ணங்கென்று இனிமையாகத்தான் கேட்டது. "இது ரொம்ப நல்லா இருக்கு அம்சவேணி" என்றான்.

அவள் அதை வாங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"பன்னெண்டு" என்று ஒதுக்கி வைத்தாள்.