ஏழாம் எண் பெட்டி

பன்னிரண்டு இருந்தது. நர்சு மறுபடியும் முதலிலிருந்து, விரலால் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அதே பன்னிரண்டு. குறைந்திருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது. பதினொன்றுதான் இருக்க வேண்டும். திங்கட்கிழமை ஒன்றை அவளே பிரித்திருந்தாள். பிரித்த பெட்டி எப்படி இரண்டே நாளில் பிரிக்காத பெட்டியாகி அலமாரியில் வரிசையோடு வந்து உட்கார்ந்துகொண்டது? ஏழாம் எண் பெட்டி. மூடிமேல் புது டேப், ஒரு சுருக்கம் இல்லாமல், ஓரம் கத்தரித்து ஒட்டியிருந்தது. அவள் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழிக்கிற ரகம். 

அந்தப் பெண்கள் சிறைக்கு மானியம் வந்து எட்டு மாதமாகிறது. காவலில் இருக்கிற பெண்ணிடம் யாராவது அத்துமீறினால் ஆதாரம் எடுத்து, விசாரித்து, கோர்ட்டில் தண்டனை வாங்கித் தருவதற்கென்று அரசாங்கம் ஒதுக்கிய பணம். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? அந்தப் பணத்தில் ஒரு அறை தயாரானது. ஒரு ஃப்ரிட்ஜ் வந்தது. ஆதாரம் எடுக்கிற பெட்டிகள் பன்னிரண்டு வந்தன. பாதிக்கப்பட்டவள் உட்கார்ந்து பேச வாங்கிய மெத்து மெத்தென்ற சோபா, வந்த வழியிலேயே திரும்பி சூப்பிரண்டின் அறைக்குப் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அறைவாசலில் 'பாலியல் புகார் அறை' என்று முழ நீளத்துக்குப் பலகை மாட்டினார்கள். வாசல் எங்கே பார்க்கிறது என்கிறீர்கள்? முந்நூறு பேர் துணி துவைக்கிற முற்றத்தை. அதற்குள் நுழைவதும் மைக் பிடித்துச் சொல்வதும் ஒன்றுதான். எட்டு மாதத்தில் ஒரு ஈ, காக்கை உள்ளே வரவில்லை. "பாத்தீங்களா, நம்ம ஜெயில்ல தப்பே நடக்கல" என்று சூப்பிரண்டு பூரித்துப்போனார்.

தையல்காரி அந்த வாசல் வழியாக வரவில்லை. வயிற்றுவலி என்று மருந்தறைக்கு வந்தாள். விசாரணைக் கைதி, தையல் பிரிவில் சட்டைக்குக் காஜா எடுப்பவள். மாத்திரையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "வயித்துவலி இல்லக்கா" என்றாள். அப்புறம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, துணிக் கிடங்கு, சின்னய்யா. துணைச் சிறை அதிகாரியை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

நர்சு பிறவிச் சந்தேகக்காரி. பால் பாக்கெட்டை முகர்ந்து பார்க்காமல் காய்ச்ச மாட்டாள். 'என்னைக் கல்யாணம் பண்றதுக்கு முன்னாடி எத்தனை தடவை முகர்ந்து பாத்தே?' என்று புருஷன் கேலி செய்வான். அந்தப் புத்தி அன்றைக்கும் சும்மா இருக்கவில்லை. இவள் ஜாமீனுக்காகக் கதை கட்டுகிறாளோ என்று கால் மணி நேரம் நினைத்தாள். பரிசோதித்தபோது தோள்பட்டையில் ஐந்து விரலும் கன்றிக் கிடந்ததைப் பார்த்தாள். அந்தக் கால் மணி நேரத்துக்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மாதிரிகளை எடுத்தாள். உள்ளுறையில் போட்டு முத்திரையிட்டு, அதன்மேல் கையெழுத்துப் போட்டாள். விதிப்படி அதைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை ஃப்ரிட்ஜில் வைத்துப் பூட்ட வேண்டும். சாவி இரண்டு. ஒன்று அவளிடம், இன்னொன்று ஸ்டோர்காரரிடம். அந்த இரண்டாவது சாவிதான் உறுத்தியது. ஏழாம் எண் பெட்டிக்குள் புதுப் பஞ்சையும் காலிக் குழாய்களையும் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாள். உள்ளுறை, அவள் தடுப்பூசி கொண்டுபோகிற நீல ஐஸ் டப்பாவின் அடியில் போனது. அன்றைக்கே சூப்பிரண்டிடம் எழுத்தில் புகாரும் கொடுத்தாள். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நான் பாத்துக்கறேன், நீங்க வாயத் திறக்காதீங்க" என்றார்.

பார்த்துக்கொண்ட லட்சணம்தான் இப்போது அலமாரியில் பன்னிரண்டாக நிற்கிறது.

ஸ்டோர்காரர் கூப்பிட்டதும் வந்தார். ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி. இருபது வருஷத்தில் ஒரு தீப்பெட்டிகூடக் கணக்கில் இடித்ததில்லை என்று பெருமைப்படுகிற மனிதர்.

"நான்தான் எடுத்து வச்சேன் நர்சம்மா. மானியம் குடுத்த ஆபீஸ்லருந்து இன்னிக்கு மேடம் வர்றாங்க இல்ல? புஸ்தகத்துல பன்னெண்டு, கையில பதினொண்ணுன்னா நல்லாவா இருக்கும்?"

"ஃப்ரிட்ஜுல இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"சின்னய்யாதான். ஒண்ணு மறந்துபோய் உள்ள கெடக்குன்னாரு."

"உள்ள இருந்தது?"

"பஞ்சும் குழாயுந்தானே? குப்பைல போட்டுட்டேன்." அவர் அவள் முகத்தையே பார்த்துச் சிரித்தார். அப்பாவியா, அமுக்குணியா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

மேடம் பதினொரு மணிக்கு வந்தார். அரை மணி நேரம் சூப்பிரண்டின் அறையில் சிரிப்புச் சத்தம். அந்தச் சோபாவில்தான் உட்கார்ந்திருப்பார் என்று நர்சுக்குத் தோன்றியது. இவரும் அவர்கள் கூட்டம்தானா? நீல டப்பாவை மேஜைக்கடியில் தள்ளி, காலால் அணைத்துக்கொண்டாள். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. நாளைக்கு மறுபடி ஐஸ் கிடைக்கும், ஆனால் டப்பாவைத் திறந்து காட்டு என்று எந்த நேரத்திலும் யாரும் சொல்லலாம். அது போய்விட்டால் தையல்காரியின் வாய்வார்த்தை மட்டும்தான் மிஞ்சும். இந்த மதிலுக்குள் அதற்கு என்ன மரியாதை என்பது அவளுக்குத் தெரியாதா!

சூப்பிரண்டும் சின்னய்யாவும் பின்தொடர மேடம் புகார் அறைக்குள் வந்தார். கையில் ஒரு படிவம். 'பெறப்பட்ட புகார்கள்' என்ற கட்டத்தில் பூஜ்யம் ஏற்கெனவே டைப் அடித்திருந்தது.

"ஒரு புகார்கூட இல்ல மேடம். பெட்டியெல்லாம் பிரிக்காம அப்படியே இருக்கு" என்றார் சூப்பிரண்டு. அவருடைய சட்டைப்பை காலியாக, இஸ்திரி மடிப்போடு இருந்தது.

மேடம் எட்ட நின்று கண்ணாலேயே எண்ணினார். பன்னிரண்டு. பேனாவைத் திறந்தார்.

ஜன்னலுக்கு வெளியே யாரோ பெருக்குகிற சத்தம். நர்சு எட்டிப் பார்த்தாள். தையல்காரி. பெருக்கின இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"தூக்கிப் பாத்து எண்ணுங்க மேடம்" என்றாள் நர்சு.

"எதுக்கும்மா, அதான் தெரியுதே" என்றார் சின்னய்யா. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மேடம் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார். ஐந்து. ஆறு. ஏழாவதைத் தூக்கியபோது கை கொஞ்சம் அதிகமாகவே மேலே போனது. வைத்துவிட்டு எட்டைத் தூக்கினார். மறுபடி ஏழை.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியில இருங்க."

சூப்பிரண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டார். போட்டுவிட்டு நர்சுக்கு எதிரே உட்கார்ந்து, சன்னமான குரலில் கேட்டார்.

"எங்க இருக்கு?"

இது காப்பாற்ற வந்தவள் கேட்கிற கேள்வியா, மிச்சம் மீதியைத் துடைக்க வந்தவள் கேட்கிற கேள்வியா? இரண்டு பேரும் இதே முகத்தோடு, இதே குரலில்தானே கேட்பார்கள்? நர்சு அந்த முகத்தை, பால் பாக்கெட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் வேறு ஆளும் இல்லை.

"ரசீது எழுதுங்க மேடம். எழுதினப்புறம் குடுக்கறேன்."

மேடத்திடம் வெற்றுத் தாள் இல்லை. பூஜ்யம் அடித்த படிவத்தைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் தேதி எழுதினார்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன?"

"முதல்ல உங்க பேர எழுதுங்க."

பேனா தாளின் மேல் நின்றது. டப்பாவிலிருந்து கசிந்த ஐஸ் தண்ணீர் நர்சின் பாதத்தை நனைத்தது. காலை அவள் எடுக்கவில்லை. வெளியே பெருக்குகிற சத்தம் நின்றிருந்தது.