இடம் அடைக்காதவர்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிப்பவளின் கணவர், அரசுக் குறைந்த வாடகை வீட்டுக்கு மனு கொடுத்த வியாழக்கிழமையோடு இடம் அடைப்பதை நிறுத்திக்கொண்டார். ஆள் இருந்தார். பேசினார், இருமினார், சட்டைப் பொத்தான் அறுந்தால் தைத்துத் தரச் சொன்னார். ஆனால் அவர் பாயில் படுத்தால் பாய் நிறையவில்லை. வாசலில் நின்றால் வழி மறிக்கவில்லை. ஈரத்தரையில் நடந்தால் கால்தடம் விழவில்லை.

அதுவரை அந்த வீட்டில் இடம்தான் பெரிய பஞ்சம். ஒரு பட்டறைக்குப் பின்னால் எட்டடிக்குப் பத்தடியில் ஒரே அறை. ஒருவர் புரண்டால் நால்வரும் புரள வேண்டும். மனுவைப் புள்ளி போட்டு வரிசையில் சேர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் அலுவலகத்துக்குப் போனார்கள். வாசலில் மனு எழுத வழி சொல்கிறவர், ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி உள்ள மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் ஒத்தைக்கண்ணாடி என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், தாளைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“புருஷன் பொண்டாட்டி ரெண்டு புள்ளைன்னு போட்டீங்கன்னா, சாவிய உங்க பேரப்புள்ளதான்மா வந்து வாங்கும். விட்டுட்டுப் போயிட்டாருன்னு ஒரு வரி எழுதுங்க. நாப்பது புள்ளி முழுசா வரும்.”

கணவர் சுவருக்கு வர்ணம் அடிப்பவர். முழங்கையில் காய்ந்திருந்த நீலத்தைச் சுரண்டியபடி சிரித்தார். “எழுது. பேப்பர்ல போறவன் எவ்வளவு தூரம் போயிடப் போறேன்?”

மனுவைச் சொந்தக் கையால்தான் எழுத வேண்டும். எழுதினாள். பள்ளியில்கூட அவள் கையெழுத்து அப்படி முத்து முத்தாக விழுந்ததில்லை. பின்னால் அவளை அதிகம் குத்தியது அதுதான்.

முதல் வாரத்திலேயே பிள்ளைகள் கால் நீட்டிப் படுக்கப் பழகிக்கொண்டார்கள். சின்னவன் தூக்கத்தில் அப்பாவின் வயிற்றுக்குள் காலை விட்டுக்கொண்டான். அவளும் பல வருடங்களுக்குப் பிறகு மல்லாந்து படுத்தாள். சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை, மறுநாள் அவருக்குச் சாப்பாடு வைக்கும்போது நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மேஸ்திரிக்கு மட்டும் ஏக சந்தோஷம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே பூனை போகாத சந்திலும் அவரை அனுப்பி வர்ணம் அடிக்க முடிந்தது.

இரண்டாம் வருடம் அவர் ஒரே ஒரு தடவை கேட்டார். “அந்தத் தாள ஒரு நடை போய் மாத்திட்டு வந்துடலாமா?”

“மாத்தினா கடைசிக்குத் தள்ளிடுவாங்களாம்ங்க.”

“அப்போ சரி.”

அதற்கப்புறம் அவர் கேட்கவேயில்லை.

மூன்றாம் வருடம் ஆய்வாளர் வந்தார். மனுவில் இருப்பவர்களை மட்டும் பார்த்துப் பழகிய கண் அவருக்கு. வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருந்தார். ஆய்வாளர் நேராக வந்து அவர் மடியில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார், ஏதாவது தகவல் உண்டா என்று விசாரித்தார். ஆய்வாளரின் தோளுக்கு மேலே கணவரின் முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. “தெரியாதுங்க” என்றாள். பெரியவள் சுவரில் இருந்த விரிசலைப் பார்த்துக்கொண்டாள்.

ஆய்வாளர் போனதும் கணவர் தொடையைத் தேய்த்துக்கொண்டு, “மனுஷன் நல்ல கனம்டி” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு வெளியே போய், கழுவ அவசியமில்லாத முகத்தைக் குழாயடியில் கழுவினாள்.

ஒவ்வொரு வருடமும் மனுவைப் புதுப்பிக்க வேண்டும். ‘மாற்றம் ஏதுமில்லை’ என்ற கட்டத்தில் ஒவ்வொரு வருடமும் கையெழுத்துப் போட்டாள். பெரியவள் ஒருநாள் பள்ளிப் படிவத்தைக் கொண்டுவந்து, அப்பா பெயர் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். ரெண்டு தாளும் ஒரே மாதிரி இருக்கட்டும், விட்டுவிடு என்றாள் அம்மா. அப்பா பக்கத்தில்தான் சவரம் செய்துகொண்டிருந்தார்.

ஒன்பதாம் வருடம் சாவி வந்தது. மூன்றாம் மாடி, இரண்டு அறை, தெருவைப் பார்த்த ஜன்னல். சாமான் ஏற்றிய வண்டிக்காரர் மூன்று தலைகளை எண்ணிக்கொண்டார். கணவர் அவர்களுக்குப் பின்னால் படியேறினார்; படியில் சத்தமில்லை. இடமில்லாத வீட்டில் அவர் இடம் அடைக்காதது ஒரு உபகாரம் போல இருந்தது. இடமிருந்த வீட்டில் அப்படிச் சொல்லிக்கொள்ள வழியில்லை. அவருக்கென்று ஜன்னலோரம் தனியாக விரித்த பாய், காலையில் போட்டது போட்டபடி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. ஏழு நாள் அதைச் சுருட்டி வைத்தாள். எட்டாம் நாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போனாள்.

கவுண்டரில் இருந்த அம்மாளிடம், “பொய் எழுதிட்டேங்க. வீட்டுக்காரர் எங்கயும் போகல” என்றாள். புடவைத் தலைப்பில் சாவியை முடிந்து கொண்டுபோயிருந்தாள். பிடுங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தாள், பிடுங்கிக்கொண்டால் தேவலை என்றும் நினைத்தாள். அந்த அம்மாள் தலை நிமிரவில்லை.

“ஆள் சேர்க்கணுமா? அதுக்குத் தனி வரிசைம்மா. இந்தத் தாள நிரப்புங்க.”

“எனக்குத் தண்டனை ஒண்ணும் இல்லீங்களா?”

“அந்தக் கட்டம் இந்தத் தாள்ல இல்ல. அடுத்தவங்க வாங்க.”

உறவு என்ற இடத்தில் கணவர் என்று எழுதினாள். இந்த முறை எழுத்து கோழி கிளறியது போல விழுந்தது. வரிசை எண் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு.

வரிசை மெதுவாக நகர்கிறது. எண் இரண்டாயிரத்து அறுநூறுக்கு இறங்கியபோது, அதுவரை கதவிடுக்கிலேயே நுழைந்துகொண்டிருந்த அவருக்குக் கதவைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. இரண்டாயிரத்தில் தலையணையில் ஒரு சின்னக் குழி தெரிந்தது. கட்டடத்தில் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. முதல் மாடியில், மனுவில் விடுபட்ட ஒரு மாமியாரும் அதே வரிசையில்தான் நிற்கிறார், அந்த அம்மாளுக்கு காலடிச் சத்தம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. படியில் பார்த்துக்கொண்டால், உங்களுக்கு எதுவரை வந்திருக்கிறது என்று விசாரித்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் பெரியவள் தரை துடைத்துவிட்டுத் திரும்பினாள். ஈரத்தில் ஒரு குதிகால் தடம். ஒன்றே ஒன்று.

“அப்பா, ஈரத்துல நடக்காதீங்கன்னு உங்களுக்கு எத்தன தடவ சொல்றது?” என்று கத்தினாள். இதற்கு முன் அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

அம்மா அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள். ஜன்னலோரம் நின்றவரின் முகத்தைப் பார்க்க இப்போதும் அவளால் முடியவில்லை. தடத்தைப் பார்த்தாள். மகள் துணியோடு குனிந்தபோது வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். அது காயும் வரை, அப்பாவும் சேர்த்து மூவரும் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.