ஆறு வாரப் பிரெஞ்சு

குமரகுருவுக்குப் பிரெஞ்சு தெரியும். செண்பகனூரில் அதை அறியாதவர் யாரும் இல்லை. அவரே சொல்லிச் சொல்லி எல்லார் காதையும் புண்ணாக்கி வைத்திருந்தாரே! பழனியில் பக்தர்களுக்கு அறை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த மனுஷர், பாண்டிச்சேரியில் ஆறே வாரம் பாடம் படித்தார். அப்புறம் மலையேறி வந்து, ‘பிரெஞ்சு பேசப்படும்’ என்று பலகை மாட்டி ஹோம்ஸ்டே திறந்துவிட்டார். பேச்சு மட்டும்தான் அங்கே தாராளம்.

அங்கே சமைத்துப்போட்ட பாண்டிச்செல்விக்கு மூன்று மாசமாகச் சம்பளம் வரவில்லை. கேட்டால், சீசன் முடியட்டும், அதுவரைக்கும் சமாதானமாக இரு என்பார். இந்தத் தடவை அவளால் இருக்க முடியவில்லை. சொந்த ஊரான கவுஞ்சியில் அவள் புருஷன் ஆண்டிச்சாமி நிலத்தை உழுது போட்டுவிட்டு விதைப்பூண்டுக்குக் காத்துக் கிடந்தான். சனிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் விதையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக வியாபாரி சொல்லிவிட்டார். விதை போனால் இந்தப் போகமே போச்சு.

வெள்ளிக்கிழமை காலையில், அறையைக் காலி செய்து ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில், கிளேர் என்ற பிரெஞ்சுக்கார அம்மா அடுப்படிக்குள் வந்தார். பாண்டிச்செல்வியின் மிளகு ரசத்தை ஒரு வாரம் குடித்துச் சளியிலிருந்து தேறியவர். அலமாரியில் இருந்த பூண்டு ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டார். பாண்டிச்செல்வியை நோக்கி விரலை நீட்டி, வாய் நிறையச் சிரித்து, “பேயே?” என்றார்.

பாண்டிச்செல்விக்குச் சுருக்கென்றது. ராவும் பகலும் ரசம் வைத்துக் கொடுத்தவளுக்கு இதுதான் பட்டமா? அதுவும் முகத்துக்கு நேரே, சிரித்துக்கொண்டே! பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். யாரைப் பார்த்துப் பேய் என்கிறாய் என்று கேட்டே விட்டாள்.

சத்தம் கேட்டு ஓடி வந்த குமரகுரு, விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தோடு விட்டால் அவர் குமரகுரு இல்லையே. இரண்டு பேரையும் கூடத்துக்குக் கூட்டி வந்து, தோசை தின்றுகொண்டிருந்த மற்ற விருந்தாளிகளுக்கும் கேட்கும்படி பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். ‘பேயே’ என்றால் பிரெஞ்சில் பணம் கொடுப்பது; ஊறுகாய்க்குக் காசை உன்னிடம் தரட்டுமா என்றுதான் அம்மா கேட்டார். ‘பணத்தைக் கொடுங்கள்’ என்று உத்தரவு போட்டாலும் அதே உச்சரிப்புதான். இங்கிலீஷில் நாம் சொல்கிற ‘பே’ அதற்குப் பிறந்த பிள்ளை. இரண்டுக்கும் மூலம் லத்தீன். அங்கே அதற்குச் சமாதானப்படுத்துவது என்று அர்த்தம். கொடுக்க வேண்டியதைக் கொடுத்து எதிராளியின் மனசை ஆற்றுவதுதான் ஆதியில் ‘பே’. எல்லாவற்றையும் தமிழில் ஒரு தரம், தன் ஆறு வாரப் பிரெஞ்சில் ஒரு தரம் முழங்கினார். கிளேர் அம்மாவுக்குப் பாதி புரிந்தது. மீதிக்குத் தலையாட்டி வைத்தார்.

பாண்டிச்செல்வி பாட்டிலும் கையுமாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். கிளேர் அம்மா மேல் இருந்த கோபம் இறங்கி, போய்ச் சேர வேண்டிய ஆளிடம் போய்ச் சேர்ந்தது.

“அப்ப மனசு ஆறலைன்னா, பணம் குடுத்ததா ஆகாதுங்களா சார்?”

ஆகவே ஆகாது என்றார் குமரகுரு. சமையல்காரிக்கும் விளங்கும்படி சொல்லிவிட்ட பெருமை அவருக்கு.

“எனக்கு மூணு மாசமா ஆறலைங்க.”

அவர் சிரிப்பு நின்றுபோனது. அவள் என்ன சொல்கிறாள் என்று கிளேர் அம்மா கேட்க, ‘மெர்சி’ சொல்கிறாள் என்று அளந்துவிட்டார் அந்தப் புண்ணியவான். மெர்சி என்றால் நன்றி என்று பாண்டிச்செல்விக்குத் தெரியாதா? ஒரு வாரமாக ரசத்துக்குக் கிடைத்த சொல் ஆயிற்றே. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டிலை மேஜையில் வைத்தாள். மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டாள். பிறகு அவர் மூஞ்சிக்கு நேரே நின்று நிதானமாகச் சொன்னாள்.

“பேயே.”

தோசை தின்ற வாயெல்லாம் நின்றது. கிளேர் அம்மா அந்த மூன்று விரலைப் பார்த்தார், குமரகுருவைப் பார்த்தார். பிரெஞ்சில் ஏதோ கடகடவென்று கேட்டார். ஆறு வாரப் படிப்பில் அதற்குப் பதில் சொல்லித் தந்திருக்கவில்லை. கிளேர் அம்மாவும் அதே சொல்லை அவரிடம் சொன்னார், இந்தத் தடவை சிரிக்காமல்.

குமரகுரு உள்ளே போய் மூன்று மாசச் சம்பளத்தோடு வந்தார். பாண்டிச்செல்வி ஊறுகாய் பாட்டிலைத் துடைத்துக் கிளேர் அம்மா கையில் வைத்தாள். அதற்குக் காசு வாங்கவில்லை.

துணிப்பையை எடுத்துக்கொண்டு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது குமரகுரு வாசல்வரைக்கும் பின்னாலேயே வந்தார். விருந்தாளிகள் காதில் விழாமல் கேட்டார்.

“ஏ செல்வி, நீ என்னயச் சொன்னது பிரெஞ்சிலயா, தமிழ்லயா?”

“சமாதானமா இருங்க சார்” என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே.