மெட்டுக்காரர் பெயர்

கம்பெனி பஸ் வாசலில் ஹார்ன் அடித்தபோது எட்வர்ட் வாயில் இட்லியோடு மெட்டை முனகிக்கொண்டிருந்தான்.

"யோவ், முழுங்கிட்டுப் பாடு. பாஸ்கர் அண்ணன் பஸ்ஸை எடுத்துக்கினு பூடுவாரு" என்றாள் அவன் மனைவி சுகிர்தா.

"அவரு போவமாட்டாரு. சுகி, மூணாவது வரில நீ எப்பவும் இறங்கிடற. அங்க அந்த மனுஷன் ஏத்தி வெச்சிருக்காரு."

"எவரு, உன் ஜெர்மன்காரரா?"

"பேரு இருக்குல்ல? எமில் ஹிர்ஷ்தால். சொல்லு."

அவள் சொல்வதற்குள் டிபன் பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் உருக்காலை ஒன்றில் எட்வர்ட் காண்டிராக்ட் ஆள். ஞாயிற்றுக்கிழமையானால் சபையின் பாடகர் குழுத் தலைவன். உலை பொருத்த வந்த ஜெர்மன் இன்ஜினியர் ஒருவர் ஒருநாள் ஆராதனைக்கு வந்தார். எல்லோரும் பழைய மெட்டு என்று பாடிவந்த மாலைப் பாட்டைக் கேட்டு, அதைப் போட்டவரின் கதையை எட்வர்டிடம் சொன்னார். ஹிர்ஷ்தால் சிறு ஊரில் பாட்டு வாத்தியார். யூதராகப் பிறந்தவர் என்று நாஜிகள் வேலையைப் பறித்தார்கள், மேடையேறவும் தடை. ஆனால் அவர் மெட்டை விட மட்டும் அவர்களுக்கு மனமில்லை. அவர் பெயரை எடுத்துவிட்டு 'நாட்டுப்புற மெட்டு' என்று அச்சடித்துப் பாடினார்கள். அவரை ஆலையில் அடிமை வேலை வாங்கி, முகாமில் சாகவிட்டார்கள். போர் முடிந்த பிறகும் பெயரைத் திருப்பிப் போட யாருக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பாட்டுக்குக் கையை உயர்த்துமுன் எட்வர்ட் அந்தப் பெயரைச் சொல்லுவான். சொல்லாமல் ஒருமுறைகூடத் தொடங்கியதில்லை.

அன்று காலை பஸ் ஏறிப்போன எட்வர்ட் மேல், ஆலையில் கிரேன் சங்கிலி அறுந்து சுமை விழுந்தது. "தரையில போட்ட மஞ்சக் கோட்டைத் தாண்டிட்டாரு. அவரு காண்டிராக்டர் ஆளு, எங்க ஆளு இல்ல" என்றது கம்பெனி.

எட்வர்டின் நினைவு ஆராதனையன்று சபைச் செயலாளர் ஜோசப் சுகிர்தாவை ஓரமாக அழைத்தார்.

"சிஸ்டர், பாட்டு பாடுங்க. அந்தப் பேரு மட்டும் வேணாம். கம்பெனியோட ஜெர்மன் பார்ட்னர் வந்துக்கிறாரு. ஹிட்லர் கதையெல்லாம் பேஜாரு. ஸ்பீக்கர் செட்டு அவங்க குடுத்தது."

"பேரை எடுத்துட்டு மெட்டை மட்டும் வெச்சிக்கணுமா? அவனுங்களும் இதைத்தானே பண்ணானுங்க?"

"செத்தவருக்குப் பேரா முக்கியம்?"

"உங்க அப்பா கல்லறைல பேருக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறீங்களே, அது இன்னாத்துக்கு அண்ணே?"

ஜோசப் ஸ்பீக்கர் சுவிட்சுப் பக்கம் போனார். முன்னே கம்பெனி மேனேஜர் மைக்கில் உருகிக்கொண்டிருந்தார்: "எட்வர்ட் எங்கள் குடும்பத்தில் ஒருவர்."

சுகிர்தா நேரே போய் மைக்கை வாங்கினாள்.

"குடும்பத்துல ஒருத்தர்னா, உங்க கிரேனுக்குக் கீழ செத்தார்னு சொல்லுங்க சார்."

மைக் செத்தது. ஜோசப்பின் கை சுவிட்சில் இருந்தது. கோயில் கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டும் குரல் அவளுக்கு, மைக் எதற்கு?

"இந்த மெட்டு எமில் ஹிர்ஷ்தால் போட்டது. யூதர்னு பேரை அழிச்சாங்க, ஆலையில வதைச்சாங்க, கொன்னாங்க. எங்களுக்கு அவர் பேரைச் சொல்லிக்குடுத்தவரு எட்வர்ட். சிப்காட்ல, அறுந்த சங்கிலில செத்தாரு. கோட்டைத் தாண்டி இல்ல."

முன்வரிசையில் ஜெர்மன் பார்ட்னர் நிமிர்ந்து, என்ன சொல்கிறாள் என்று மேனேஜரைக் கேட்டார்.

"பிரேயர் சார், ஜஸ்ட் பிரேயர்" என்றார் மேனேஜர்.

சுகிர்தா கையை உயர்த்தினாள். குழு எழுந்து பாடியது. மூன்றாவது வரியில் அவள் இறங்கவில்லை.

மறுநாள் காலையும் கம்பெனி பஸ் அந்த வாசலில் நின்று ஹார்ன் அடித்தது. டிரைவர் பாஸ்கருக்குக் கை பழகிவிட்டது. இன்றைக்கும் அடிக்கிறது.