ஓட்டை எங்கே?

மறுபடியும் இறங்கியிருந்தது. அதே முன்பக்க இடது டயர். மற்ற மூன்றும் வண்டியோடு வந்த பழைய டயர்கள், குத்துக்கல் மாதிரி நின்றன. நான் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்ட புது டயர், மேலே ரப்பர் முடிகூட உதிராதது, தரையோடு அமுங்கிக் கிடந்தது. ஆத்திரத்தில் ஓர் உதை விட்டேன். வலித்தது எனக்குத்தான்.

வீடுவீடாகப் போய் பிசியோதெரபி செய்வது என் வேலை. காலையில் முதல் வீடு ஒரு தையல்காரம்மாவுடையது. பக்கவாதத்தில் அவருக்கு வலது கை விழுந்துவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இப்போதுதான் ஒன்றையொன்று தொட ஆரம்பித்திருந்தன. இந்தச் சமயத்தில் விட்டுவிட்டுச் செய்தால் கை பழையபடி படுத்துவிடும். டயரால் நான் தாமதமாகப் போனது போன வாரத்தோடு மூன்றாவது முறை. அவருடைய மகன் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ லேட்டானா வேற ஆள் பாத்துக்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க." தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவர் அம்மா, அவர் கவலை. அதற்கப்புறம் டயர் இறங்கிய நாளெல்லாம் ஆட்டோவுக்கு அழுதுதான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

என் கோபம் அவர்மேல் இல்லை, வீட்டுக்குள் இருந்த ஆள்மேல்.

"எதுல ஏத்தின?" என்று பல் விளக்கிக்கொண்டே கேட்டார் என் வீட்டுக்காரர்.

"எதுலயும் ஏத்தல."

"புது டயர் தானா இறங்குமா?"

அவர் ஒரு பிஸ்கட் கம்பெனியில் தரப் பரிசோதகர். வரும் சரக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாக்கெட்டை எடுத்துப் பிரித்துப் பார்ப்பார், பிஸ்கட்டை உடைத்துப் பார்ப்பார். அந்தப் புத்தி ஆபீசோடு நிற்காது. நான் பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பார். நான் அணைத்த அடுப்பைத் திருகிப் பார்ப்பார். நான் ஒரு நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது போன் செய்து "சேந்துட்டியா?" என்பார். எடுக்காவிட்டால் எடுக்கும்வரை அடிப்பார். அக்கறையாம்.

பஞ்சர் கடைக்காரர் இரண்டு முறை சக்கரத்தைக் கழற்றித் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். "ஒரு குமிழி வரலீங்க. டயர் தங்கமா இருக்கு," என்றார். நம்பாமல் நானே பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து டயர் முழுக்க ஊற்றினேன். ஓரம், விளிம்பு, காற்றடிக்கும் வால்வு, ஒன்றையும் விடவில்லை. ஒரு குமிழிகூட வரவில்லை. வால்வு மூடி மட்டும் அரைகுறையாகத் திருகியிருந்தது. கடைக்காரரை மனதுக்குள் திட்டிக்கொண்டே இறுக்கினேன்.

இதை வீட்டில் சொன்னது என் தப்பு.

"டயர்ல ஓட்டை இல்லன்னா, ஓட்டுறதுலதான் ஓட்டை," என்றார். சொன்னது அவருக்கே ரொம்பப் பிடித்துப்போய், தம்பிக்குப் போன் போட்டு இன்னொரு தரம் சொல்லிச் சிரித்தார். சிரித்த கையோடு தீர்ப்பும் வந்தது. வண்டி தம்பியிடம் போகட்டும், நான் பஸ்ஸில் போய்க்கொள்ளலாம்.

என் சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டி. அதைச் சொன்னால், "உன்னுது என்னுதுன்னு ஆரம்பிச்சிட்டியா," என்பார். தையல்காரம்மாவின் தெருவுக்குப் பஸ் கிடையாது. அதைச் சொன்னால், "பக்கத்துலயே ஆளுங்கள புடிச்சுக்கோ," என்பார். ஒரே கேள்விக்கு எத்தனை நாள் பதில் சொல்வது? கடைசியில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நான்தான் எங்கேயோ ஏற்றித் தொலைக்கிறேனோ? மேடு பள்ளம் பார்த்து, ஆமை மாதிரி ஊர்ந்து ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் இறங்கியது. சரி, கொண்டுபோய்த் தொலையட்டும் என்று ஒத்துக்கொண்டேன். அதை இப்போது நினைத்தாலும் என்னையே ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொழுந்தன் வந்தார். நல்ல பிள்ளைதான், சங்கடத்தோடு டம்ளரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். என் கையில் சாவி. கொடுக்க மனசு வரவில்லை.

"இருடா, கிளம்பறதுக்கு முன்னாடி காத்து பாத்துடறேன்," என்று வீட்டுக்காரர் வெளியே போனார்.

காற்றுப் பார்க்கும் மீட்டர் அலமாரியில் என் கண்ணெதிரே இருந்தது. இவர் எதை வைத்துப் பார்க்கப் போகிறார்? ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நேராக அந்த இடது டயரிடம் குந்தினார். வால்வு மூடியைத் திருகி எடுத்தார். சட்டைப் பையிலிருந்த பேனாவின் நுனியை வால்வுக்குள் வைத்து அழுத்தினார்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

தலையைச் சாய்த்துக் கேட்டார். திருப்தி இல்லை போல. இன்னொரு தடவை. ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

சாவியில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. திருடன் வந்தால் அழுத்தச் சொல்லியிருந்தார்கள். அழுத்தினேன்.

வண்டி அலறியது. விளக்குகள் மின்னி மின்னி அணைந்தன. மனிதர் மல்லாக்க விழுந்தார். எதிர் வீட்டு மாடியில் நாலு தலை எட்டிப் பார்த்தது. நான் வெளியே போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை.

"என்னண்ணே பண்றீங்க?" என்றார் கொழுந்தன்.

"காத்து இருக்கான்னு பாத்தேன்டா."

"தினமும் பாப்பீங்களா?" என்று கேட்டேன்.

"காலைல ஒருக்கா, நீ வந்ததும் ஒருக்கா. சத்தத்த வெச்சே எனக்குத் தெரிஞ்சிடும்."

"மத்த மூணு டயரையும் பாப்பீங்களா?"

"அதெல்லாம் கம்பெனிக்காரன் போட்டது, அதுக்கு என்ன ஆகப்போகுது? இது நீ வாங்கினதாச்சே."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கொழுந்தன் தரையைப் பார்த்தார். கத்துவேன் என்றுதான் நினைத்தேன்.

"கம்பெனில நீங்க பிரிச்சுப் பாத்த பாக்கெட்ட என்ன பண்ணுவீங்க?"

"அத எப்படி விக்கிறது? தள்ளிடுவோம்."

"பிரிக்காம இருந்திருந்தா?"

கால் பம்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டேன். "அடிங்க."

தெருவே பார்க்க மிதித்தார், வேர்த்து ஒழுக ஒழுக. நான் மீட்டரை வைத்து முள் சரியான அளவுக்கு வந்ததும் போதும் என்றேன். மூடியை அவரையே திருகச் சொன்னேன். யாரும் கேட்காமலே கொழுந்தன், "நான் பஸ்லயே போயிடறேன் அண்ணி," என்று நடையைக் கட்டினார்.

மறுநாள் நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டேன். தையல்காரம்மா மேசைமேல் இருந்த பொத்தானை எடுக்க முயன்றுகொண்டிருந்தார். விரல் நுனிகள் அதைத் தொட்டு, நழுவவிட்டு, மறுபடி தொட்டன. அப்போது பைக்குள் போன் அடித்தது. யாரென்று பார்க்கவே வேண்டாம். நின்றது. மறுபடி அடித்தது.

"எடும்மா, ஏதாவது அவசரமா இருக்கப்போகுது," என்றார் அவர் குழறலாக.

"அவசரம் ஒண்ணும் இல்லம்மா. காத்து இருக்கான்னு பாக்கறாங்க."

அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். "நீங்க பொத்தானைப் பாருங்க," என்றேன்.